பாகூர்ச் செப்பேடும் கணிப்பொறி உரிமமும்

பாகூர் என்றவுடன் நம்மில் பலருக்கு ஏரியும் நெல்வயல்களும் நினைவுக்கு வரும். வரலாறு படித்தவர்களுக்கோ செப்பேடு நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வூரின் அருகே ஐந்து செப்பேடுகள் கிடைத்தன. அவை பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தவை. அதாவது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்களைப் பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு வித்தியாபோகமாக விட்ட செய்தியை அவை கூறுகின்றன. வித்தியாஸ்தானம் என்பது இக்காலத்தில் நாம் கல்லூரி என்று சொல்லுவதற்கு ஒப்பானது. மன்னனுடைய குலப்பெருமையை வடமொழிச் செய்யுள் பாடுகிறது. நடைமுறைக்கு வேண்டிய செய்தியைத் தமிழ் உரைநடை சொல்லுகிறது.

தானம் செய்தவன் ‘கொடுத்தேன்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். எதைக் கொடுத்தான், யாருக்குக் கொடுத்தான், எதன்பொருட்டுக் கொடுத்தான் என்பன செம்பில் வெட்டப்பட்டன. பின்னே வருகிறவர்கள் அதைப் படிப்பார்கள், படித்து அதன்படி நடப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் அத்தனை சிரமமும்.

இன்று அதே பாகூரிலோ, வில்லியனூரிலோ வாழும் ஒரு மாணவர் தம் கணிப்பொறியில் ஒரு விஞ்ஞான மென்பொருளை நிறுவுகிறார். நிறுவும்போது திரையில் ஒரு நீண்ட சாசனம் தோன்றுகிறது. அதன் அடியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. சாசனத்தில் ஒரு வரியும் படிக்காமல் பொத்தானை அழுத்துகிறவர்களே நம்மில் மிகுதி. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் அழுத்தினேன். அந்தச் சாசனத்துக்கு உரிமம் என்று பெயர். அதைப் படிப்பது வழக்கறிஞர் வேலை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது விஞ்ஞானம் பயில்கிறவனுடைய வேலை. ஏன் என்பதை நம்முடைய ஊர்த் தண்ணீரைக் கொண்டே விளக்கலாம்.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியது வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி; அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றிலிருந்து வாய்க்கால் வருகிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் நீர் கொணர்கிறது. ஏரி நிறைந்தால் கிணறு நிறையும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஏரி நீர் கண்ணுக்குத் தெரியும். அதன் அடியில் ஊறிச் சென்று நிலத்துக்குள் தங்கும் நீரோ கண்ணுக்குத் தெரியாது. மேலே வண்டல், அதன் கீழே கடலூர் மணற்கல், அதற்கும் கீழே இன்னும் பழைய மணற்கற்கள். இவற்றின் இடுக்குகளில்தான் நமது செல்வம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் துளையிட்டபோது, இறைக்காமலேயே நீர் தானே மேலெழுந்து வழிந்த கிணறுகள் கிடைத்தன. 1880இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் அவற்றைப் பற்றி ஒரு குறிப்பே எழுதினார். தானே பொங்கிய நீரை இன்று மோட்டார் வைத்து ஆழத்திலிருந்து இழுக்கிறோம்.

கிழக்கே கடல் இருப்பதனால் அபாயம் இரட்டிப்பாகிறது. கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. நன்னீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. ஆகையால் கரையோர மணலில் நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயுமாக, எண்ணெயும் தண்ணீரும் போல, ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. ஹாலந்து நாட்டுப் பொறியாளர் கைபென் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பெர்க் 1901இலும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரையில் நன்னீர் இருக்கும். இது கேட்க இனிமையான செய்தி. இதையே திருப்பிப் பாருங்கள். நன்னீர் அரை மீட்டர் இறங்கினால், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் சுமார் 20 மீட்டர் மேலேறும். நரம்பை, பனித்திட்டு போன்ற கடலோரச் சிற்றூர்களுக்கு இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று.

இப்போது ஒரு கேள்வி எழுகிறது. பாகூர்ப் பக்கத்தில் இன்னும் நூறு ஆழ்துளைக் கிணறுகள் தோண்டினால் இருபது ஆண்டு கழித்து என்ன ஆகும்? தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது; தெரிந்துகொள்வதற்குள் நிலம் உவராகிவிடும். எனவே நிலத்தைப் போலவே நடிக்கும் ஒரு கணக்கு வேண்டும். சிறுமியர் மணலில் சோறாக்கி விளையாடுவதைப் பார்த்திருக்கிறோம். அடுப்பு இல்லை, அரிசி இல்லை. ஆயினும் சமையலின் ஒழுங்கு அத்தனையும் அங்கே இருக்கிறது. கல்லூரிகளில் சிமுலேஷன் என்று வழங்கும் முறையும் அத்தகையதே. பாவனை என்னும் நம் பழைய சொல் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

இந்தப் பாவனைக்கு அடிப்படை 1856இல் வெளியான ஒரு நூலில் இருக்கிறது. பிரான்சு நாட்டில் திஜோன் நகரத்தின் குடிநீர்த் திட்டத்தை வகுத்த ஆன்றி தார்சி என்னும் பொறியாளர், மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்தார். இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு எவ்வளவோ அவ்வளவுக்கு ஓட்டம் மிகும். மணலின் நீளம் கூடக்கூட ஓட்டம் குறையும். விதி இவ்வளவுதான். அந்நாளில் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. எனினும் தார்சியின் விதி நம் மணலுக்கும் பொருந்தும் என்பதற்கு எந்த ஆட்சியின் அநுமதியும் வேண்டியிருக்கவில்லை.

பத்துக் கிலோமீட்டர் நீளமும் பத்துக் கிலோமீட்டர் அகலமும் உள்ள நிலத்தை நூறு மீட்டர்ச் சதுரங்களாக வகுத்துக்கொள்ளுங்கள். வயலில் வரப்புக் கட்டுவது போலத்தான். மொத்தம் 10,000 கட்டங்கள். நிலத்துக்கடியில் மூன்று அடுக்குகள் என்று கொண்டால் 30,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துக் கட்டங்களிலிருந்து வருகிற நீர், அவற்றுக்குப் போகிற நீர், மேலிருந்து மழையாலும் ஏரியாலும் ஊறுகிற நீர், மோட்டார் இழுக்கிற நீர் ஆகிய வரவு செலவைத் தார்சியின் விதிப்படி எழுத வேண்டும். 30,000 சமன்பாடுகளை ஒருசேரத் தீர்த்தால் ஒரு மாதத்துக்குரிய நீர்மட்டம் கிடைக்கும். இருபது ஆண்டுகளுக்கு 240 முறை தீர்க்க வேண்டும். மனிதன் கையால் செய்ய வாழ்நாள் போதாது. கணிப்பொறிக்கோ இது சிறிது நேர வேலை.

இந்த வேலையைச் செய்ய எழுதப்பட்ட நிரல்களுள் பெயர்பெற்றது மாட்ஃப்ளோ. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த மெக்டொனால்டு, ஹார்பா என்னும் இருவர் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய அது 1984இல் வெளியாயிற்று. புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு, இப்போது வழங்குவது 2017இல் வெளிவந்த ஆறாம் வகை. உலகில் நிலத்தடி நீரை ஆராய்கிற இடங்களிலெல்லாம் அதைக் காணலாம்.

1984 என்னும் ஆண்டை நான் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நமது பேச்சின் பொருள் அவ்வாண்டில் பல முனைகளிலிருந்து ஒன்றுகூடியது போலத் தோன்றுகிறது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதில் கணிப்பொறி நிரலை முதன்முதலாகச் சேர்த்தது 1984ஆம் ஆண்டுத் திருத்தம். சட்டம் நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகையில் சேர்த்தது! கம்பன் காவியமும் கிணற்றுக் கணக்கும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன. அதே ஆண்டு அமெரிக்காவில் கிளீவ் மோலர் தம் மாணவர்களுக்காக எழுதிப் பலருக்கும் இலவசமாகவே கொடுத்துவந்த மாட்லாப் என்னும் கணித நிரலை விற்பதற்கு ஒரு கம்பெனி தோன்றியது. அதே ஆண்டு ஜனவரியில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், யாரும் இயக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்னும் நான்கு உரிமைகளுடன் நிரல்களை எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் பொதுவழி. இரண்டும் ஏறக்குறைய ஒரே நாளில் போடப்பட்டன.

வேலி போட்ட நிரல்களின் உரிமம் எப்படி இருக்கும்? விலை கொடுத்தவுடன் நிரல் நம்முடையதாகிவிட்டது என்று நினைப்பது பெருந்தவறு. நமக்குக் கிடைப்பது நிலமன்று, குத்தகை. பெரும்பாலும் ஆண்டுக் குத்தகை. சில உரிமங்கள் ஒரு கணிப்பொறிக்கென்றே கொடுக்கப்படும். அப்பொறியின் வலைப்பின்னல் அட்டைக்கு உரிய எண்ணை உரிமக் கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். அட்டை பழுதாகி மாற்றினீர்களானால் நிரல் உங்களை அந்நியராகப் பார்க்கும். வேறு சில உரிமங்கள் மிதக்கும் உரிமங்கள். இவை நூலகத்துப் புத்தகங்கள் போன்றவை. கல்லூரி இருபது உரிமங்கள் வாங்கியிருந்தால், எத்தனை பொறிகளில் நிரல் நிறுவப்பட்டிருந்தாலும், ஒரே நேரத்தில் இருபது பேர் மட்டுமே அதை இயக்கலாம். கல்லூரியின் ஓர் அறையிலுள்ள உரிம வழங்கி என்னும் கணிப்பொறி யார் எடுத்தார், யார் திருப்பினார் என்று கணக்கு வைத்திருக்கும். இருபத்தோராவது மாணவர் காத்திருக்க வேண்டும். மாலையில் பேருந்தேறிக் குருவிநத்தத்துக்கோ திருக்காஞ்சிக்கோ வீடு திரும்பிய மாணவருக்கு, அந்த வழங்கியை எட்டும் வசதியைக் கல்லூரி செய்து தந்திராவிட்டால், நிரல் இருந்தும் இல்லாததே.

மாணவர் பதிப்பு என்று மலிவாகவோ இலவசமாகவோ கிடைப்பதும் உண்டு. அது நல்ல உதவிதான். ஆனால் அதன் சாசனத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். கட்டங்களின் தொகைக்கு உச்சவரம்பு இருக்கலாம். நமது 30,000 கட்டங்களுக்கே இடமிராமல் போகலாம். மற்றொன்று, ‘கல்விக்கு மட்டும்’ என்னும் நிபந்தனை. பயிற்சிக்காகச் செய்த அதே கணக்கை, பிறகு ஒரு கொம்யூன் பஞ்சாயத்தின் குடிநீர்த் திட்டத்துக்காகக் கட்டணம் பெற்றுக்கொண்டு செய்து கொடுத்தால், அந்த நிபந்தனையை மீறியவராவீர்கள்.

என் அநுபவம் ஒன்றைச் சொல்லலாம். பல ஆண்டுகளுக்கு முன் விலைக்கு வாங்கிய ஒரு நிரலைக் கொண்டு ஒரு கிராமத்தின் கிணறுகளுக்குப் பாவனைக் கணக்கு ஒன்று செய்தேன். நீர்மட்டம் எங்கே இறங்கும் என்று வண்ணப் படம் வந்தது. அனைவரும் பாராட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் சென்றபின் அவ்வூர் விவசாயி ஒருவர் வந்து, “ஐயா, நீங்கள் சொன்ன இடத்தில் தண்ணீர் இறங்கவில்லை, சொல்லாத இடத்தில் கிணறு உவர்த்துப் போயிற்று. உங்கள் கணக்கில் என் கிணற்றுக்கு என்ன போட்டீர்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கணக்கைத் திறக்கப் போனேன். உரிமத்தின் காலம் முடிந்திருந்தது. நிரல் திறக்கவில்லை, அந்நிரலுக்கே உரிய வடிவத்தில் சேமித்திருந்ததனால் வேறு எந்த நிரலாலும் அக்கோப்பைப் படிக்க முடியவில்லை. என் கையில் எஞ்சியது வண்ணப் படம் ஒன்றே. அதை அவரிடம் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. கிணற்றுக்குரியவருக்குக் கணக்கைக் காட்ட முடியாதவன் எப்படிக் கணக்கன் ஆவான்?

குற்றம் நிரலை விற்றவர்களுடையதன்று. அவர்கள் சாசனத்தில் எல்லாவற்றையும் எழுதித்தான் இருந்தார்கள். படிக்காதது என் குற்றம்.

இந்த இக்கட்டிலிருந்து தப்பக் குறுக்குவழி ஒன்று எல்லாக் கல்லூரி விடுதிகளிலும் உலவுகிறது. பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியைத்தான் சொல்லுகிறேன். ‘ஏழை மாணவன் வேறென்ன செய்வான்?’ என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணிப்பொறியில் பயன்படுத்துவது குற்றம். ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இலாபத்துக்காகவோ வியாபாரத்திலோ பயன்படுத்தவில்லையென்றால் சிறையை விடுத்து, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அபராதத்தோடு நீதிமன்றம் நிறுத்திக்கொள்ளலாம். அதே சட்டம் நமக்குச் சில உரிமைகளையும் தந்திருக்கிறது. முறைப்படி பெற்ற நிரலுக்குக் காப்புப்பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றும், நிரல் இயங்கும் விதத்தைக் கவனித்து அதன் அடிப்படைக் கருத்துகளை ஆராயலாம் என்றும் 52ஆம் பிரிவு கூறுகிறது.

சட்டத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு விஞ்ஞானத்தை மட்டும் பாருங்கள். பூட்டை உடைத்தவன் நிரலுக்குள் வேறு என்னென்ன செய்தான் என்பது நமக்குத் தெரியாது. ‘நிறுவும்முன் வைரஸ் தடுப்பானை நிறுத்திவிடவும்’ என்று அவனே எழுதி வைத்திருப்பான். வீட்டுக்காவலை நிறுத்திவிட்டுக் கதவைத் திற என்று சொல்லுகிறவனை நம்பி ஓர் ஊரின் தண்ணீர்க் கணக்கைப் போடலாமா?

இனிப் பொதுவழிக்கு வருவோம். மாட்ஃப்ளோ அமெரிக்க அரசாங்க ஊழியர்களின் படைப்பு. அந்நாட்டுச் சட்டப்படி அத்தகைய படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை. ஆறாம் வகையில், பிற நாடுகளிலும் தமக்கு உரிமை ஏதேனும் இருக்குமாயின் அதையும் துறந்துவிட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பொதுக்குளத்தைப் போல யாரும் முகந்துகொள்ளலாம். ஸ்டால்மன் வகுத்த ஜி.பி.எல். என்னும் பொது உரிமம் சற்று வேறானது. அது 1989இல் முதலிலும், 1991இலும் 2007இலும் திருத்தப்பட்டும் வெளிவந்தது. அதை விதைநெல்லுக்கு ஒப்பிடலாம். விதைநெல்லைப் பெற்றவர் உண்ணலாம், விதைக்கலாம், வேறு நெல்லோடு கலந்து புதுவகை காணலாம். ஆனால் அந்தப் புதுவகையைப் பிறருக்குக் கொடுக்கும்போது, அவரும் விதைக்கும்படியாகக் கொடுக்க வேண்டும். அவித்துக் கொடுக்கக் கூடாது. நிரலுக்கு விதை என்பது அதன் மூல நிரல். உங்கள் வீட்டுக்குள் மாற்றி உங்களுக்காக மட்டும் இயக்கினால் எந்த நிபந்தனையும் இல்லை.

நம் புதுச்சேரியோடு உறவு கொண்டாடத்தக்க செய்தி ஒன்று உண்டு. பிரான்சு நாட்டில் இன்ரியா என்னும் ஆராய்ச்சி நிறுவனமும், பாலங்கள் சாலைகள் பள்ளி என்னும் பழம்பெரும் பொறியியற் கல்லூரியும் வளர்த்த கணித நிரல் ஸைலாப். மாட்லாப் செய்கிற வேலைகளில் மிகுதியானவற்றை அதுவும் செய்யும். அமெரிக்க உரிமங்கள் பிரெஞ்சுச் சட்டத்தோடு சரியாக இழையவில்லை என்று கருதி, 2004இல் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனங்கள் மூன்று சேர்ந்து செசில் என்னும் பொது உரிமத்தைத் தம் மொழியிலேயே எழுதின. 2008இல் ஸைலாப் அந்த உரிமத்தின் கீழ் வந்தது; 2017இல் ஜி.பி.எல். உரிமத்துக்கு மாறியது. உரிமத்தைத் தம் மொழியில் தம் சட்டத்துக்கேற்ப எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதை எண்ணிப் பார்க்கையில், பாகூர்ச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி மீண்டும் என் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் ஸைலாப், ஓபன்ஃபோம் போன்ற பொதுநிரல்களைக் கல்லூரிகளில் பரப்பி வருகிறது. அங்கிருந்தே கிளம்பிய பேச்சுப் பாடங்கள் பல தமிழிலும் கிடைக்கின்றன.

பொதுநிரல் என்பது காசில்லாதவனுக்கு இட்ட கஞ்சி என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கணக்கின் வழி தெரிய வேண்டும் என்பது விஞ்ஞானத்தின் முதல் விதி. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு வழக்கைச் சொல்லுகிறேன். நீரை உறைநிலைக்கு மிகவும் கீழே குளிரச் செய்தும் உறையவிடாமல் வைத்தால், அது இருவகைத் திரவமாகப் பிரியுமா என்பது கேள்வி. பிரியும் என்று பிரின்ஸ்டனில் டெபெனடெட்டி குழுவினரின் பாவனை சொல்லிற்று. பிரியாது என்று பெர்க்லியில் சாண்ட்லர் குழுவினரின் பாவனை சொல்லிற்று. இரண்டும் பெரிய பல்கலைக்கழகங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரியான நீரைத்தான் கணித்தன. ஆண்டுகள் பல கடந்தும் வழக்குத் தீரவில்லை. பெர்க்லிக் குழுவின் நிரல் மற்றவர் கைக்குக் கிடைத்த பின்னரே, மூலக்கூறுகளுக்குத் தொடக்க வேகம் வகுத்த இடத்தில் ஒரு பிழை இருந்தது தெரிந்தது. 2018இல் அது வெளியாயிற்று. ஏழாண்டு வாதத்தை முடித்தது எவருடைய புகழுமன்று. நிரலைத் திறந்து படித்ததே முடித்தது. தேர்வில் விடையை மட்டும் எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் கொடுப்பதில்லை. வழியைக் காட்டச் சொல்லுகிறார். அவர் கேட்பது சரியே.

விலைக்கு வரும் நிரல்கள் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. பாலம் கட்டுகிறவர்களும் விமானம் வடிவமைக்கிறவர்களும் பல்லாண்டு சோதனையுற்ற, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளுள்ள நிரல்களை விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதில் நியாயம் உண்டு. பொதுநிரலின் சாசனத்தில் ‘எந்த உத்தரவாதமும் இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு சிலர் அஞ்சுகிறார்கள். விலை கொடுத்து வாங்கும் பல நிரல்களின் சாசனத்தையும் கடைசிவரை படித்தால் கிட்டத்தட்ட அதே வாசகத்தைக் காணலாம். என்ன, சற்றுச் சிறிய எழுத்தில் இருக்கும்.

நிறுவும் முறை அப்படியொன்றும் கடினமானதன்று. நிரலை அதன் சொந்தக்காரருடைய தளத்திலிருந்தே பெற வேண்டும். பொதுவழியில் வருகிற நிரலையும் யாரேனும் இடையில் மாற்றிவைக்க இடமுண்டு. அதற்காகப் பல தளங்களில் கோப்பின் பக்கத்திலேயே 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையை வெளியிடுகிறார்கள். நாம் இறக்கிய கோப்புக்கு நம் பொறியிலேயே அந்தக் கைரேகையைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கைரேகை முற்றும் வேறாகிவிடும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஸைலாப் போன்றவற்றை ஒரே கட்டளையால் நிறுவிக்கொள்ளும் வசதி உண்டு. ஒரு நிரலுக்குத் துணையாக வேண்டிய பிற நிரல்களையும் அந்தக் கட்டளையே தேடிக் கொண்டுவந்துவிடும். கைரேகையையும் அதுவே சரிபார்த்துக்கொள்ளும்.

மாட்ஃப்ளோவோ ஒரு சுருக்கிய கோப்பாகக் கிடைக்கிறது. அதை விரித்தாலே போதும். நிறுவல் என்ற சடங்கே இல்லை. விரிக்கும் உறையின் பெயரில் இடைவெளியும் தமிழெழுத்தும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நம் மொழியின்மேல் எனக்குள்ள பற்றினால் இதைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பழைய மரபில் எழுதிய நிரல்கள் இவற்றில் இடறுவதைக் கண்டிருக்கிறேன். உள்ளே எம்எஃப்6 என்னும் இயக்கு கோப்பும், மாதிரிக் கணக்குகள் பலவும் இருக்கும். சொந்தக் கணக்கைத் தொடுமுன் ஒரு மாதிரிக் கணக்கின் உறைக்குள் சென்று கட்டளைச் சாளரத்தில் நிரலை இயக்க வேண்டும். கணக்கு ஒழுங்காக முடிந்தால், ‘நார்மல் டெர்மினேஷன் ஆஃப் சிமுலேஷன்’ என்று ஒரு வரி தோன்றும். அவ்வரியைக் கண்டதும் மகிழ்ந்து நின்றுவிடக் கூடாது. கணக்கு முடிந்தது என்பதற்குத்தான் அது சான்று. சரியாக முடிந்தது என்பதற்கன்று. நீர் வரவும் செலவும் எத்தனை விழுக்காடு ஒத்திருக்கின்றன என்பதை நிரல் ஒரு பட்டியலில் எழுதி வைக்கும். அதையும், மாதிரிக்கு ஏற்கெனவே தெரிந்த விடையையும் ஒப்பிட்ட பிறகே நிறுவல் முடிந்தது என்று கொள்ளலாம். எண்களை நேரே எழுதிக்கொடுக்க அலுப்பாக இருப்பவர்களுக்கு, படத்தில் வரைந்தே கணக்கை அமைக்கும் மாடல்மியூஸ் என்னும் துணைநிரலையும் அதே அமெரிக்கத் துறை இலவசமாகத் தருகிறது.

ஓர் எச்சரிக்கை. மாட்ஃப்ளோவின் அடிப்படைக் கணக்கு எல்லா நீருக்கும் ஒரே அடர்த்தி என்று கொள்ளும். வில்லியனூருக்கு அது போதலாம். கடலை ஒட்டிய பனித்திட்டுக்குப் போதாது. அங்கே உப்புநீரின் கனம்தான் கதையின் நாயகன். அதற்கு ஸீவாட் என்னும் துணைநிரலையோ, ஆறாம் வகையில் மிதப்பு விசைக்கென அமைந்த பகுதியையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சேர்க்காவிட்டாலும் நிரல் குறை சொல்லாது. அழகான, பொய்யான விடையைத் தரும்.

நிறுவிய நாள், நிரலின் வகை எண், உரிமத்தின் பெயர், கைரேகை ஆகிய நான்கையும் செய்முறை ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். உள்ளிடும் எண்களை எந்த நிரலாலும் படிக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். நான் இவற்றைச் செய்திருந்தால் அந்த விவசாயிக்கு அன்று பதில் சொல்லியிருப்பேன். அவருடைய கிணற்றுக்கு நான் என்ன எண் போட்டேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் ஆனபின் நிரல் நம்மிடம் கேட்பது நீர்மட்டத்தை. அதை எந்தத் தளத்திலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். உங்கள் தெருவில் திறந்த கிணறு ஒன்று இருந்தால், முனையில் சிறு கனம் கட்டிய அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். மே மாதத்தில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒருமுறை, கிணற்றின் விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே நிற்கிறது என்று அளந்து, நாளோடு எழுதி வையுங்கள். அளக்குமுன் பக்கத்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடினால் அது நின்று சில மணிநேரம் கழித்து அளக்க வேண்டும்.